பாராட்டித்தானே எழுதினேன்?

கேள்வி: எங்கள் அலுவலக ஆண்டு மலரில், கணக்குப் பிரிவில் இருக்கும் காது கேளாத நண்பர் ஒருவரைப் பாராட்டி எழுதினேன். 'செவித்திறன் குறைபாட்டால் அவதிப்பட்டாலும், அந்தத் தெய்வக் குழந்தையின் முகத்தில் புன்னகை மாறியதே இல்லை' என்று ஒரு வரி. அச்சுக்குப் போகும் முன் அவரிடம் காட்டினேன். 'இதை எடுத்துவிடுங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மரியாதையாகத்தானே எழுதினேன்? வார்த்தைகளும் வருடத்துக்கு ஒன்றாக மாறுகின்றன. இனி எதுவும் எழுதாமல் இருப்பதுதான் நல்லதோ?

பதில்: அச்சுக்கு முன்பே அவரிடம் காட்டினீர்களே, அதைப் பலர் செய்வதில்லை. அதனால் எழுதுவதை நிறுத்த வேண்டாம். அந்த வரியை மட்டும் பார்ப்போம்.

'அவதிப்பட்டாலும்' என்கிறீர்கள். அவதிப்படுகிறேன் என்று அவர் உங்களிடம் சொன்னாரா? சைகை மொழியில் வளர்ந்த பலருக்குக் காது கேளாமை நோயும் அல்ல, இழப்பும் அல்ல. அவர்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அந்த மொழி பேசும் கூட்டம் இருக்கிறது. 'செவித்திறன் குறைபாடு' நம் காதுக்கு நாகரிகமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே 'குறை' உட்கார்ந்திருக்கிறதே! உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1991-லேயே அந்த மாதிரிச் சொல்லை ஒதுக்கிவிட்டு, காது கேளாதோர், கேட்பதில் சிரமம் உள்ளோர் என்று நேராகச் சொல்வதை ஏற்றுக்கொண்டது. அதற்காக 'செவிடு' என்று எழுதிவிடாதீர்கள். அது வசையாகவே புழங்கிப்போன சொல்.

அடுத்து 'தெய்வக் குழந்தை'. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் குழந்தையா? உங்களுக்குப் புரியாத இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இழிவுபடுத்தினால் தப்பு, சரி, உயர்த்திச் சொன்னாலுமா?

ஆமாம். தீண்டாமைக்கு உள்ளான மக்களைக் காந்தி 'ஹரிஜன்' என்று அழைத்தார். கடவுளின் மக்கள் என்று பொருள். 1933-இல் அதே பெயரில் வார இதழும் தொடங்கினார். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்பேத்கர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. பின்னாளில் 'தலித்' என்ற சொல்லைப் பலர் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 1982-இல் மத்திய அரசே, சாதிச் சான்றிதழ்களில் 'ஹரிஜன்' என்று எழுத வேண்டாம் என மாநிலங்களுக்குச் சொன்னது. 2015 டிசம்பரில் பிரதமர் மோடி மாற்றுத்திறனாளிகளை 'திவ்யாங்', அதாவது தெய்வீக அங்கம் கொண்டவர், என்று அழைக்கலாமே என்று வானொலியில் சொன்னபோதும் அவர்களின் உரிமை அமைப்புகள் பல எதிர்த்தன. தெய்வம் என்று சொல்லிவிட்டால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் வந்துவிடுமா என்ன?

'திருநங்கை'யிலும் 'திரு' இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனால் அந்தச் சொல்லைத் திருநங்கைகள் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஹரிஜன், திவ்யாங் இரண்டும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. (அப்புறம் ஒன்று: திருநங்கைகளை 'அது' என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'அவர்' என்று ஒரு சொல்லைத் தமிழ் கையில் கொடுத்திருந்தும்!)

வார்த்தைகள் வேகமாக மாறுகின்றன என்பதும் அவ்வளவு சரியில்லை. ஐரோப்பாவில் மற்றவர்கள் 'ஜிப்சி' என்று அழைத்த மக்கள், 1971-இல் லண்டன் அருகே தங்கள் முதல் உலக மாநாட்டைக் கூட்டி 'ரோமா' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் காதுக்குத்தான் அது இன்னும் புதிதாக இருக்கிறது.

ஒரே சொல் எல்லோருக்கும் பிடிக்கும் என்றும் இல்லை. காது கேளாத இன்னொருவர் 'மாற்றுத்திறனாளி' என்பதையே விரும்பலாம். ஒருவரைப் பற்றி எழுதும்போது அவரைக் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது.

உங்கள் வரியில் என்னை உறுத்துவது இன்னொன்று. புன்னகை இருக்கிறது, அவர் என்ன வேலை செய்தார் என்பது இல்லை. வருடக் கடைசியில் யாருக்கும் பிடிபடாத கணக்குப் பிழையை அவர் கண்டுபிடித்தாரா? புதிதாக வந்தவர்களுக்கு வேலை பழக்கினாரா? அதை எழுதுங்கள். அந்தக் கதைக்குத் தேவைப்பட்டால் 'காது கேளாதவர்' என்று ஒரு இடத்தில் வரட்டும், தேவைப்படாவிட்டால் விட்டுவிடுங்கள். எழுதியதை மறுபடி அவரிடமே கொடுங்கள். இந்த முறையும் எதையாவது எடுக்கச் சொன்னால், ஏன் என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள்.