'கொஹேர்' சொன்னதும் ஏன் சிரித்தார்கள்?

மெக்சிகோ அலுவலகத்தில் "பஸ் பிடித்து வந்தேன்" என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'கொஹேர்' என்ற வினைச்சொல்லைப் போட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், இலக்கணம் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இலக்கணம் சரிதான், கவலைப்படாதீர்கள். ஸ்பெயினில் அதற்கு எடு, பிடி என்றுதான் பொருள். சின்னக் குழந்தைகூடச் சொல்லும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். நீங்கள் படித்தது ஸ்பெயின் வழக்கு, அவ்வளவுதான். இனி அதற்குப் பதிலாக, அதே பொருள் தரும் 'தொமார்' என்று சொல்லுங்கள், எங்கேயும் உறுத்தாது.

அப்புறம், மெக்சிகோவில் பஸ்ஸையே 'கமியோன்' என்பார்கள். ஸ்பெயினில் அது லாரி. கியூபாவில் பஸ் 'குவாகுவா'. சிலியில் 'குவாகுவா' என்றால் கைக்குழந்தை! இந்தக் குழந்தைச் சொல் தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப் பகுதிப் பழங்குடியினரின் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த சொல். சிரித்தவர்களிடமே இன்னும் நாலு சொல் கேட்டுப் பாருங்கள், ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.