உமிச் சாம்பலைச் சேர்த்தால் மட்கும் பிளாஸ்டிக் வலுப்பெறுமா?

காங்கயத்தில் அரிசி ஆலை நடத்தும் நீங்கள், கொதிகலனிலிருந்து நாள்தோறும் வெளியேறும் உமிச் சாம்பலை மட்கும் பிளாஸ்டிக்கில் கலந்து அதை வலுவாக்க முடியுமா, அதையே ஒரு தொழிலாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வலுவாக்க முடியும். ஆனால் எந்த வகை வலு கிடைக்கும் என்பதையும், உங்கள் சாம்பல் எந்தச் சூட்டில் எரிந்தது என்பதையும் அறியாமல் இதில் ஒரு ரூபாயும் போட வேண்டாம். கோவையில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் ஒரு மோல்டிங் யூனிட்டில் வேலை பார்த்துக்கொண்டு, மூன்று ஆண்டுகளாக இதையே கலந்தும் உடைத்தும் பார்த்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1 டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் 40 கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா (மணலில் உள்ள அதே பொருள்) உமியில்தான் அதிகம் படிகிறது என்பதால், நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காவே இருக்கும். ஒரு கைப்பிடி சாம்பலை வெயிலில் வைத்துப் பாருங்கள்: உமியின் படகு வடிவம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் வெளுத்திருக்கும், விரலால் நசுக்கினால் நறநறவென்று நொறுங்கும். பித்தளைக் குடத்தை இதைப் போட்டுத் துலக்கினார்களே, அந்தக் கடினம்தான் பிளாஸ்டிக்குக்கும் விறைப்பைத் தருகிறது. பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரமான எக்ஸ்ட்ரூடரின் ஸ்க்ரூவையும் அது சுழலும் பேரலையும் தேய்த்துத் தின்பதும் அதே கடினம்தான்.

எல்லாவற்றையும் முடிவு செய்வது எரிந்த சூடு. 500 முதல் 700 டிகிரி செல்சியசுக்குள் எரிந்தால் சிலிக்கா படிகமாகாமல், நுண்துளைகளோடு இருக்கும். அதன் பரப்பில் உள்ள, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் பிளாஸ்டிக்கோடு பிடிமானம் கொள்ள உதவுகின்றன. ஏறத்தாழ 800 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் எரிந்தால் அது கிறிஸ்டோபலைட் என்னும் படிகமாக மாறத் தொடங்குகிறது. படிகச் சிலிக்காத் தூசி தொடர்ந்து நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். அந்தத் தூசி புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும். சாம்பலைச் சலிப்பவரும் மூட்டை கட்டுபவரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்பதால் இதை நான் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சூடோ காற்றோ போதாமல் எரிந்தால் கரி தங்கிச் சாம்பல் கறுத்துப் போகும். ஒரே கொதிகலனில், ஒரே நாளில், வெளுத்தது, கறுத்தது என இரண்டு வகையும் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கான முதல் சோதனையை உங்கள் பக்கத்திலேயே செய்துகொள்ளலாம். கோவை ஃபவுண்டரிகளில் வார்ப்பு மணலைச் சூடேற்றி எடை இழப்பு பார்ப்பதற்கு மஃபிள் உலை என்னும் சிறிய சோதனை உலை இருக்கும். உலர்ந்த சாம்பலை எடை போட்டு, அந்த உலையில் சூடேற்றி, மறுபடி எடை போட்டால் எவ்வளவு கரி இருந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். படிகமா இல்லையா என்பதற்கு மட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனை (எக்ஸ்.ஆர்.டி.) தேவை. பொறியியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கட்டணம் செலுத்தி அதைச் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது கழுவுதல். நான் முதலில் பட்ட அடி இதில்தான். மட்கும் பிளாஸ்டிக்குகளில் பரவலாகப் புழங்கும் பி.எல்.ஏ., லாக்டிக் அமில மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். சாம்பலில் உள்ள பொட்டாசியம் முதலிய காரப் பொருள்களும், சாம்பல் உறிஞ்சி வைத்திருக்கும் ஈரமும், உருகிய நிலையில் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. கழுவாத சாம்பலை 10 சதவீதம் கலந்து ஓட்டிய அன்று, நாசிலிலிருந்து பாகு போல் இறங்க வேண்டியது கஞ்சித் தண்ணீராக ஒழுகியது. வார்த்த பட்டைகள் பழுப்பேறி, கையால் வளைத்ததும் பொட்டென்று முறிந்தன. அதே சாம்பலை நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, காரமும் அமிலமும் போகும்வரை அலசி, முற்றிலும் உலர்த்திக் கலந்தபோது பட்டை விறைப்பாகவும் வழவழப்பாகவும் வந்தது. ஆனால் கழுவிய நீரை எங்கே விடுவீர்கள் என்பதற்கு முதலிலேயே விடை வைத்திருங்கள். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட நாம், மட்கும் பொருள் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு கழிவுநீரை ஓடையில் விடக் கூடாது.

இனி வலு. கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: சாம்பல் அதில் ஜல்லியைப் போன்றது, கம்பியைப் போன்றதன்று. துகள்கள் விறைப்பைக் கூட்டும். இழுவையைத் தாங்குவதிலும் அடியைத் தாங்குவதிலும் நீண்ட இழைகள் தரும் பலனை அவை தரா. பி.எல்.ஏ. தானே முறியும் இயல்புடையது. சாம்பல் ஏற ஏற இன்னும் கொஞ்சம் கூடவே முறியும். அதனால் வளையும் தன்மையுள்ள, அதுவும் மட்கக்கூடிய பி.பி.ஏ.டி. என்ற இன்னொரு பிளாஸ்டிக்கைச் சேர்த்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் 5 முதல் 10 சதவீதச் சாம்பலே நன்றாக அமைகிறது; 20-ஐத் தொட்டால் துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து, ஒவ்வொரு கட்டியும் விரிசலுக்கு வாசலாகிவிடுகிறது. துகளையும் பிளாஸ்டிக்கையும் பிணைக்கும் சிலேன் என்ற வேதிப்பொருளைச் சாம்பலில் பூசினால் பிடிமானம் கூடும், செலவும் கூடும்.

எதைச் செய்வது என்பதில் பலரும் நிலப்போர்வையிலிருந்துதான், அதாவது பாத்தியை மூடும் மல்ச்சிங் தாளிலிருந்துதான், தொடங்குகிறார்கள். தக்காளிக்கும் தர்பூசணிக்கும் விரிக்கிறார்களே, அறுவடைக்குப் பின் கிழிந்து மண்ணோடு கலந்து கிடக்கிறதே என்ற அவர்களுடைய ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தத் தாளின் கனம் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான். 325 மெஷ் என்னும் மிக நுண்ணிய சல்லடையில் சலித்த சாம்பலிலேயே 45 மைக்ரான் வரை துகள் இருக்கும். தாளைவிடப் பெரிய துகள் தாளில் ஓட்டைதான் போடும். ஆகவே நான் நாற்றங்கால் குழித்தட்டைச் சொல்வேன். 98 குழித் தட்டு கனமானது, கறுப்பாக இருந்தால் குறையில்லை, தென்னை நார்க்கழிவும் நாற்றும் ஏறிய பின் தூக்கும்போது தொய்யாமலிருக்க விறைப்புதான் வேண்டும். சாம்பல் தருவதும் அதைத்தான்.

சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி ஸ்டார்ச்சை வைத்தும் முயலலாம். கிளிசரின் சேர்த்துக் காய்ச்சிய ஸ்டார்ச்சுப் படலம் ஈரத்தில் தொளதொளத்துப் போகும். மிக நுண்ணிய சாம்பல் அந்த ஈர உறிஞ்சலைக் குறைக்கும். எனக்கு இன்னும் தட்டு நிற்கும் அளவுக்கு அது அமையவில்லை.

‘மட்கும்’ என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். பி.எல்.ஏ. தோட்டத்துக் குப்பைக்குழியில் எளிதில் மட்காது. 58 டிகிரியை ஒட்டிய சூட்டைக் காக்கும் உரக்கூடம் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 17088 தரம் கேட்பது, பொருளிலுள்ள கரிமக் கார்பனில் 90 சதவீதம் 180 நாள்களுக்குள் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும் என்பது. சாம்பல் மட்குவதில்லை, அது மண்ணோடு மண்ணாகத் தங்கும். எனவே கொதிகலனில் உமியோடு நிலக்கரியோ கழிவோ எரித்திருந்தால் அதன் கன உலோகங்களும் மண்ணுக்கே போகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. மட்கும் என்று எழுதி விற்பதற்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும்.

தொழில் கணக்கு இது: நாளொன்றுக்கு 50 டன் நெல் அரைக்கும் ஆலையில் 2 டன் சாம்பல் விழும். 10 சதவீதம் கலப்பதென்றால் அது தீர நாள்தோறும் 20 டன் கலவைப் பொருள் செய்தாக வேண்டும். உங்கள் சாம்பலில் பெரும்பகுதி கான்கிரீட்டுக்கும் உருக்காலைக்கும்தான் போகும். பிளாஸ்டிக்குக்கு ஒதுக்க வேண்டியது மிகச் சிறந்த ஒரு பங்கு மட்டுமே. அந்தப் பங்கைப் பிரிப்பதற்கு, ஒரு வாரம் ஒவ்வொரு ஷிஃப்டின் சாம்பலையும் தண்ணீர் தெளிக்காமல், குழியில் கொட்டாமல், தனித்தனி மூட்டையில் கட்டித் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். அவற்றின் நிறமும் எடை இழப்பும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்த பிறகு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். நானும் உடனிருந்து பார்க்கிறேன்.