டேப்லெட் திரை உடைந்தால் வீட்டிலேயே மாற்றலாமா? கேள்வி பதில்

டேப்லெட் திரையை வீட்டில் மாற்ற விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, எந்த உதிரிப்பாகத்தை வாங்குவது என்பதிலேயே தொடங்குகின்றன. உடைந்திருப்பது மேல் கண்ணாடியா, விரல் படுவதை உணரும் டச்சா, படம் காட்டும் டிஸ்ப்ளேயா என்பதை உறுதி செய்த பிறகே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்பதால், கீழே உள்ள பதில்களில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகள் படிப்பதற்காக வாங்கிய சாம்சங் கேலக்ஸி டேப் ஏ8 கீழே விழுந்து, மேல் கண்ணாடியில் குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது. படம் தெளிவாகத் தெரிகிறது, டச்சும் வேலை செய்கிறது. கண்ணாடி மட்டும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி ஒட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் டேப்பில் கண்ணாடியும் டச்சும் டிஸ்ப்ளேயும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஒரே பலகையாக வருகின்றன. கடைகளில் இதைக் காம்போ என்பார்கள். மேல் கண்ணாடியை மட்டும் பிரிக்க வேண்டுமானால், சூடேற்றும் தட்டில் வைத்து மெல்லிய கம்பியால் பசையை அறுத்தெடுத்து, புதிய கண்ணாடியைக் காற்றுக்குமிழ் இல்லாமல் வெற்றிட இயந்திரத்தில் ஒட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் இதைச் செய்தால், நன்றாக இருக்கும் டிஸ்ப்ளேயும் சேர்ந்து போய்விடும். படமும் டச்சும் சரியாக இருக்கின்றன என்பதால் நீங்கள் அவசரப்படத் தேவையில்லை. கண்ணாடித் துகள் உதிராமல் இருந்தால், மேலே ஒரு டெம்பர்டு கிளாஸ் ஒட்டி, தண்ணீர் படாமல் பயன்படுத்தி வாருங்கள். டச் தடுமாறத் தொடங்கும்போது முழு காம்போவாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விரலில் குத்தும்படி துகள் உதிர்கிறதென்றால், அன்றே குழந்தையின் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களிடம் இருப்பது 2021இல் வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட். கண்ணாடி சிலந்தி வலை போல் உடைந்திருக்கிறது, படத்தில் குறையில்லை. டச் கிளாஸை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். இது உண்மையா? எனக்குச் சிறிய திருப்புளி வேலைகள் தெரியும். நானே செய்யலாமா?

பதில்: உண்மைதான். ஆப்பிளின் அடிப்படை வகை ஐபேட்களில், உங்களுடைய 10.2 அங்குல ஐபேடிலும் சரி, 2022இல் வந்த பத்தாம் தலைமுறையிலும் சரி, டச் கிளாஸ் தனியாகவும் டிஸ்ப்ளே தனியாகவும் இருக்கின்றன. ஐபேட் ஏர் 2 முதலான ஏர் வகைகளிலும் ப்ரோ வகைகளிலும் இரண்டும் ஒட்டியே வருவதால் அங்கே செலவு பல மடங்காகும். வீட்டில் செய்து பார்க்கத் தகுந்த டேப் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் உங்களுடையதைத்தான் சொல்வேன். ஆனாலும் பொறுமை இல்லாதவர்களுக்கு உரிய வேலை அல்ல இது.

முதலில் தரவுகளைக் காப்பு எடுத்துவிட்டு, சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, அணைத்து வையுங்கள். உடைந்த கண்ணாடியின் மேல் அகலமான செல்லோ டேப்பை வரிசையாக ஒட்டிவிட்டால் துகள்கள் சிதறாது. கண்ணாடியை உறிஞ்சிப் பிடித்துத் தூக்கும் சக்ஷன் கப்பும் பிடிமானத்தோடு நிற்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஓரங்களை ஹேர் டிரையரால் சிறிது சிறிதாகச் சூடாக்குங்கள். சில நொடிகளுக்கு மேல் விரல் வைக்க முடியாத சூடு போதும். 80 டிகிரிக்கு மேல் போனால் கீழே இருக்கும் டிஸ்ப்ளே கெட்டுவிடும். பிறகு பிக் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் வில்லையை ஓரத்தில் நுழைத்து, பசையை மட்டும் அறுத்துக்கொண்டு போக வேண்டும். பிக்கை ஆழமாகச் செலுத்தினால் வைஃபை ஆன்டெனாவும் டிஸ்ப்ளேயின் விளிம்பும் அடிபடும். கத்தியும் பிளேடும் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி விட்டதும் அதை வேகமாகத் தூக்காதீர்கள். அடியில் ஸ்ட்ரிப்புகள், அதாவது நாடா போன்ற மெல்லிய இணைப்புக் கம்பிகள், இணைந்திருக்கும். டிஸ்ப்ளேயின் நான்கு மூலைத் திருகாணிகளை எடுத்து அதை மெல்லப் புரட்டி வைத்தால், தகட்டு மூடிக்குக் கீழே கனெக்டர்கள் தெரியும். எந்தக் கனெக்டரைத் தொடுவதற்கு முன்பும் பேட்டரியைத் துண்டித்தாக வேண்டும். இந்த ஐபேடில் பேட்டரிக்குப் பிடுங்கி எடுக்கும் பிளக் கிடையாது. அதன் திருகாணியைக் கழற்றிவிட்டு, போர்டுக்கு (முதன்மைச் சுற்றுப்பலகைக்கு) அடியில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகி மின்தொடர்பை மறிக்க வேண்டும். இதைச் செய்யாமல் டிஸ்ப்ளேயைக் கழற்றி மாட்டினால் பின்னொளிக்கான சுற்று எரிந்து, படம் இருந்தும் வெளிச்சம் இல்லாத ஐபேட் ஒன்று மிஞ்சும். அதன் பிறகு போர்டில் மைக்ரோ சால்டரிங் (மிக நுண்ணிய பாகங்களைப் பற்றவைக்கும் வேலை) செய்கிறவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

ஹோம் பட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் பழைய பட்டன் அந்தப் போர்டோடு மட்டுமே கைரேகைக்காகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. வேறு எந்தப் பட்டனைப் போட்டாலும் டச் ஐடி வராது. ஆகையால் அதன் ஸ்ட்ரிப்பைக் கண்ணாடியின் உட்புறத்திலிருந்து சூடேற்றி, மயிரிழை கிழியாமல் உரித்து, புதிய கண்ணாடிக்கு மாற்ற வேண்டும். மொத்த வேலையிலும் கை நடுங்கக் கூடாத இடம் இதுதான். இதற்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

புதிய கண்ணாடியை ஒட்டுவதற்கு முன் சட்டத்தின் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். விழுந்த மூலையில் அலுமினியம் உள்பக்கமாக மடிந்திருந்தால் அதை நேராக்கிய பிறகே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கண்ணாடி அதே மூலையில், ஒட்டி அழுத்தும்போதே கூட, விரிந்துவிடும்.

கேள்வி: லெனோவோ டேப் எம்10க்குக் காம்போ வாங்கினேன். கனெக்டரே பொருந்தவில்லை. விற்றவர் இதுதான் எம்10 என்கிறார்.

பதில்: அவர் சொல்வதும் பொய்யாக இருக்காது. எம்10 என்ற பெயரில் பல டேப்கள் வந்திருக்கின்றன. டிபி-எக்ஸ்505, டிபி-எக்ஸ்605, டிபி-எக்ஸ்606, டிபி-எக்ஸ்306 என்று ஒவ்வொன்றும் வேறு. விற்பனைப் பெயரை நம்பி ஒருபோதும் வாங்காதீர்கள். டேப்பின் பின்புறத்திலோ செட்டிங்ஸில் சாதன விவரப் பகுதியிலோ இருக்கும் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பழைய பலகையின் ஸ்ட்ரிப்பில் அச்சாகியிருக்கும் எண்ணையும் புதியதோடு ஒப்பிட்டுவிட்டால் சந்தேகமே இருக்காது.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். என் ஆண்ட்ராய்டு டேப்பில் படம் தெரிகிறது, டச் மட்டும் சுத்தமாக இல்லை. புராஜெக்ட் கோப்புகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. கழற்றுவதற்கு முன் எடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு, தம்பி. டேப்பின் சார்ஜிங் துளையில் யூஎஸ்பி சாதனங்களை இணைக்க உதவும் ஓடிஜி அடாப்டர் ஒன்றை வாங்கி, அதில் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வந்துவிடும். அதைக் கொண்டே பின் எண்ணைப் போட்டுத் திறந்து, கோப்புகளை மேகச் சேமிப்புக்கு ஏற்றிவிடலாம். எஸ் பென் வைத்திருக்கும் சாம்சங் டேப் என்றால் அந்தப் பேனாவையும் முயன்று பாருங்கள். பேனாவை உணரும் தகடு டிஸ்ப்ளேவுக்குப் பின்னால் தனியாக இருப்பதால், விரலுக்கு அசையாத திரை பேனாவுக்கு அசைவதுண்டு. அப்படி அசைந்தால் பழுது டச் அடுக்கில்தான் என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: டச் மாற்றிய பிறகு திரை தானாகவே அங்கும் இங்கும் அழுத்திக்கொள்கிறது. என்ன காரணம்?

பதில்: ஸ்ட்ரிப் எங்கேனும் மடிந்திருக்கலாம், கனெக்டரின் பூட்டு சரியாக விழாமல் இருக்கலாம், பாகமே தரமற்றதாக இருக்கலாம். இந்த வரிசையில் சோதியுங்கள். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பாயின்டர் லொகேஷன் என்ற வசதியை இயக்கினால் விரல் செல்லும் பாதை கோடாக விழும். மூலை முதல் மூலை வரை இழுத்தால் அறுபடாத கோடு வர வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் மறுபடி பிரிக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

கேள்வி: ஃபெவிகுவிக் போட்டு ஒட்டலாமா?

பதில்: கூடாது. அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெண்புகையாகப் படியும். அடுத்த முறை திறக்கவும் முடியாது. பி-7000, அல்லது கருப்பு நிறம் வேண்டுமானால் டி-7000 (T-7000) என்ற பசையை வாங்கி, மெல்லிய கோடாக இழுத்து, ரப்பர் பேண்டோ கிளிப்போ மாட்டி ஒரு நாள் முழுவதும் விடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் டேப் கீழே விழவே இல்லை. ஆனால் ஒரு பக்கம் திரை மேலே எழும்பி, ஓரத்தில் விரிசலும் வந்திருக்கிறது. அழுத்தி ஒட்டிவிடலாமா?

பதில்: தயவு செய்து அழுத்தாதீர்கள். விழாமலே திரை எழும்பினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அழுத்தினாலோ, பிக்கைச் செருகும்போது பேட்டரியின் உறை கிழிந்தாலோ அது தீப்பற்றக்கூடும். சார்ஜ் போடுவதை இப்போதே நிறுத்தி, அணைத்து, துணி, காகிதம் எதுவும் அருகில் இல்லாத தரையில் வையுங்கள். இதை வீட்டில் திறக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரி இது என்பதையும் சொல்லியே கொடுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, மின்கழிவு சேகரிப்பவரிடம்தான் சேர வேண்டும்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் காம்போ வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: டேப்பையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் கடையிலேயே கனெக்டரை மாட்டி, படமும் டச்சும் வருவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். திரையின் பாதுகாப்புப் படலத்தையும் கடைக்காரரின் ஸ்டிக்கரையும், வீட்டில் முழுதாகச் சோதித்து முடிக்கும் வரை கிழிக்காதீர்கள். அவை போய்விட்டால் பல கடைகளில் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டார்கள்.