எருக்கும் கள்ளியும் வடிக்கும் பால் விலைபோகுமா?

கேள்வி: வேலியோரம் திருகுகள்ளியும் எருக்கும் நிற்கின்றன, தோட்டத்தில் பப்பாளி, பலா, சப்போட்டா இருக்கின்றன. எல்லாவற்றிலும் பால் வடிகிறது. ரப்பர் மரத்தைப் போல இவற்றிலும் பாலெடுத்து விற்க முடியுமா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். கள்ளியைக் கீறிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இன்றே கைவிடுங்கள். அதன் பால் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் கடும் எரிச்சலுடன் பார்வை தற்காலிகமாகப் பறிபோகலாம். எருக்கம்பால் இன்னும் வஞ்சகமானது. பட்டபோது வலியே தெரியாமல் இருந்து, பின்னர் பார்வை மங்கிய பிறகுதான் கருவிழி பாதிக்கப்பட்டது தெரியவரும். எது பட்டாலும் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெள்ளையாக வடிவதெல்லாம் ரப்பர்ப்பால் அன்று. ரப்பர் மரத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். உங்கள் வேலிச் செடிகளின் பாலில் ரப்பர் சொற்பம், பிசின்தான் அதிகம். திருகுகள்ளியிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்று நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வின் 1970களில் ஆராய்ந்தார்; அது தொழிலாக நிலைபெறவில்லை. பலாப்பால் உடைந்த பாண்டம் ஒட்ட உதவும், அவ்வளவுதான். சப்போட்டாப் பாலிலிருந்துதான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். ஆனால் ஒருமுறை கீறிய மரத்தை மீண்டும் கீறச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பழத்துக்கு வளர்த்த மரத்தை அதற்காகக் காயப்படுத்த வேண்டாம்.

உங்களிடம் இருப்பவற்றில் நான் நம்பிச் சொல்வது பப்பாளி ஒன்றைத்தான். அதன் பாலில் பப்பெயின் என்ற நொதி இருக்கிறது. இறைச்சியை மென்மையாக்கவும் பீர் கலங்காமல் இருக்கவும் பயன்படுகிறது. காய் பிடித்து 75 முதல் 90 நாள் ஆன பச்சைக் காய்களில், காம்பிலிருந்து நுனி நோக்கி நான்கு கீறல்கள் இடுங்கள். ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூங்கில் சிம்பு அல்லது துருப்பிடிக்காத பிளேடு போதும். இரும்பு பட்டால் பால் நிறம் மாறித் தரம் கெடும். அதிகாலையில் கீறுங்கள், வெயில் ஏற ஏற மரத்தின் நீரழுத்தம் தளர்ந்து பால் வரத்து குறைந்துவிடும். மூன்று நான்கு நாள் இடைவெளியில் அதே காயில் மீண்டும் மூன்று முறை எடுக்கலாம். வடித்த பாலை அன்றே 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கையில் உதிரும் பதம் வரை உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் அடையுங்கள். அதற்கு மேல் சூடேறினால் நொதி வலுவிழக்கும். பப்பாளிப் பாலும் தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

கீறிய காய் தழும்போடுதான் பழுக்கும். பழச் சந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு, பதப்படுத்துவதற்குக் கொடுக்கலாம். ஆகவே உலர்ந்த பாலை வாங்குபவர் யார், எந்தத் தரத்தில் கேட்கிறார் என்பதை உறுதிசெய்துகொண்டு, முதலில் பத்து மரங்களில் மட்டும் கீறிப் பாருங்கள்.