சருகுக் குவியலில் நாய் புரளலாமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இரண்டு அங்சானா மரங்கள் நிற்கின்றன. ஜனவரி முதல் கொட்டிவரும் சருகைக் கூட்டி மதிலோரம் குவித்து வைத்திருக்கிறோம். இரண்டு வயது லாப்ரடார் அதில் புரளாமல் வீட்டுக்குள் வருவதே இல்லை. சென்ற வாரம் ஓர் இரவு அங்கிருந்து வாயில் நுரையோடு ஓடி வந்தான். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டான். வீட்டில் பூனையும் உண்டு. சருகில் விளையாட விடலாமா?

பதில்: முதலில் அந்த நுரையைப் பார்ப்போம். இரவு நேரம், பழைய குவியல், திடீரென்று நுரை, விரைவில் தெளிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, அவன் ஒரு தேரையைக் கவ்வியிருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டு வடிகால்களில் வாழும் தேரையின் கண்களுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகள், பல் பட்டவுடன் பால் போன்ற நஞ்சைக் கசியவிடும். மீண்டும் அப்படி நேர்ந்தால், நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போய்விடாமல் வாயின் பக்கவாட்டில் குழாய் நீரை மெதுவாக ஓடவிட்டு, ஈறுகளை ஈரத்துணியால் பல முறை துடைத்துவிடுங்கள். அந்த நஞ்சு இதயத்தைத் தாக்கக்கூடியது என்பதால், தள்ளாட்டமோ வலிப்போ ஓயாத வாந்தியோ கண்டால் விடியும்வரை காத்திருக்காமல் விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்று உதிர்ந்து அன்றே கூட்டிய காய்ந்த சருகில் நாய் புரளுவதை நான் தடுக்கமாட்டேன். வாரக்கணக்கில் கிடக்கும் குவியலுக்கு அருகில் விடவேமாட்டேன். நம் நாட்டில் இலையுதிர் காலமே இல்லை என்பார்கள்; பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் மொட்டையாவதைப் பார்த்து வளர்ந்த தோட்டத்து மக்கள் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். குளிர்நாட்டில் இலை உதிரும்போது குளிரும் சேர்ந்து வருவதால் பூச்சிகள் அடங்கிவிடுகின்றன. இங்கே இரண்டு மழை பெய்தால் போதும், குவியலின் அடிப்பகுதி வெதுவெதுப்பாகி, மரவட்டையும் வண்டுப்புழுவும் பெருகி, அவற்றைத் தின்னத் தேரையும் பல்லியும் வந்து, எலியும் ஒண்டி, கடைசியில் இவற்றையெல்லாம் தேடிப் பாம்பும் வந்துசேரும்.

இவற்றில் நான் அதிகம் அஞ்சுவது பாம்பைவிட எலியைத்தான். எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி, ஈரமான மண்ணிலும் மட்கிய இலையிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. நாயின் பாதத்தில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, ஈர மூக்கு, வாய் வழியாகவோ உடலுக்குள் புகுந்து, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, வாந்தி, சில சமயம் கண்ணில் மஞ்சள் நிறம் தென்படும். நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் இதை நாயின் நோய் என்று மட்டும் ஒதுக்க முடியாது. இதற்குத் தடுப்பூசி உண்டு: தொடக்கத்தில் சில வார இடைவெளியில் இரண்டு ஊசிகள், பிறகு ஆண்டுக்கு ஒன்று. நீங்கள் போடும் வருடாந்தர ஊசியில் இது அடங்கியுள்ளதா என்று அடுத்த முறை வாய்விட்டே கேளுங்கள்.

பாம்பு தென்பட்டால் கம்பெடுக்காதீர்கள். நாயை உள்ளே பூட்டிவிட்டு 999-ஐ அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள். சீறித் துப்பும் நாகத்தின் நஞ்சு நாயின் கண்ணில் பட்டால், கால்மணி நேரமாவது சுத்தமான நீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் செல்லுங்கள்.

உண்ணிகளைத் தேட, புரண்டு வந்ததும் காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் தடவிப் பாருங்கள். தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். உண்ணிக்காக நாயின் முதுகில் விடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளது. அது நாய்க்குத் தீங்கு செய்யாது; பூனையையோ கொன்றுவிடும். மருந்து காயாத நாயோடு உரசிப் படுப்பதுகூடப் பூனைக்கு ஆபத்து என்பதை மறக்கவேண்டாம்.

அங்சானாச் சருகும், தூங்குமூஞ்சி மரத்தின் பிசுபிசுப்பான காய்களும் நஞ்சல்ல. ஆனால் பல சாலையோரங்களில் நிற்கும் பொங் பொங் மரத்தின், சிறு மாங்காய் போன்ற பச்சைக் காய் சருகோடு கலந்து வந்தால் உடனே அகற்றிவிடுங்கள். அதன் பருப்பு இதயத்துடிப்பையே குலைக்கும். அழகுக்கு வைக்கும் சைக்கஸின் விதையும் நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

ஆகவே இப்போதைய குவியலை, நாயைக் கட்டிப்போட்டு, கையுறையும் பூட்ஸும் அணிந்து, முதலில் நீண்ட கம்பால் தட்டிக் கலைத்தபின் அப்புறப்படுத்துங்கள். கொளுத்துவது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். மூடியுள்ள உரத்தொட்டியில் போடலாம். பிறகு தினமும் மாலை வெளிச்சத்தில் அன்றைய சருகை மட்டும் சிமெண்டுத் தரையில் முழங்கால் உயரத்துக்குக் குவித்து, அவன் ஆசைதீரக் குதித்ததும், இருட்டுவதற்குள் மூட்டையில் கட்டிவிடுங்கள்.