சீக்கிரம் பழசாகும் சரக்கு: எத்தனை வாங்குவது, எப்போது இறக்குவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தேங்கிய சரக்கைப் பற்றியவை. கொள்முதல் பிரிவில் 22 வருடம் இருந்தவள் நான். அட்டைப்பெட்டி வாசனையை வைத்தே அது எத்தனை மாதச் சரக்கு என்று ஓரளவு சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: செல்போன் கவரும் ஸ்க்ரீன் கார்டும் விற்கிறேன். ஒரு மாடலுக்கு ஆறேழு மாதம்தான் ஆயுள். நிறைய வாங்கினால் தேங்குகிறது, குறைத்து வாங்கினால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். சராசரியைப் பார்த்து வாங்கச் சொல்கிறார் நண்பர். சரியா?

உங்கள் நண்பருக்கு அரிசியோ ஆணியோ விற்ற அனுபவம் இருக்கலாம். மிஞ்சியதை அடுத்த மாதம் அதே விலைக்கு விற்க முடிகிற பண்டத்துக்குச் சராசரி போதும். உங்கள் சரக்கு அப்படி இல்லை. அது செய்தித்தாள் மாதிரி. என்ன, அதற்கு ஒரு நாள் ஆயுள், உங்களுக்கு ஆறு மாதம். இந்தக் கணக்குக்கே 'செய்தித்தாள் விற்பவர் கணக்கு' என்றுதான் பெயர். வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று யோசித்த எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் 1888-லேயே இதன் கருவைப் போட்டுவிட்டார்.

கணக்கு இதுதான். ஒரு கவரின் அடக்க விலை 60, விற்கும் விலை 100, கடைசியில் தள்ளிவிட்டால் கிடைப்பது 20 என்று வையுங்கள். ஒன்று குறைவாக வாங்கினால் கைவிட்டுப் போகும் லாபம் 40. ஒன்று அதிகமாக வாங்கினால் நஷ்டமும் 40. முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 80-க்கு 40, அதாவது பாதி. பத்து மாடலில் ஐந்துக்குச் சரக்கு போதும், ஐந்துக்குத் தீர்ந்துபோகும். அந்த அளவில் வாங்குங்கள்.

இப்போது அதே கவரை, விற்காவிட்டால் 50-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சப்ளையர் ஒப்புக்கொள்கிறார் என்று வைப்போம். மிஞ்சினால் நஷ்டம் வெறும் 10. 50-க்கு 40, அதாவது 80 சதவீதம். தைரியமாக வாங்கலாம். ஸ்க்ரீன் கார்டு வேறு கதை: அடக்கம் 80, விற்பனை 100, கடைசியில் 30. குறைந்தால் போவது 20, மிஞ்சினால் போவது 50. கணக்கு 29 சதவீதத்தில் வந்து நிற்கிறது. பத்தில் ஏழு தடவை உங்கள் பெட்டி காலியாகத்தான் வேண்டும். 'ஸ்டாக் இல்லை' என்று சொல்ல நாக்கு கூசும்தான். ஆனால் அந்தக் கூச்சத்துக்கு விலை இருக்கிறது.

இந்தச் சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்ற கம்ப்யூட்டர் தேவையில்லை. கடந்த பத்து மாடல்களுக்கு எத்தனை பேர் கேட்டு வந்தார்கள் என்று சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். உதாரணத்துக்கு 110, 140, 150, 170, 180, 200, 220, 260, 310, 420. பாதி என்றால் 180-க்கும் 200-க்கும் நடுவில் எங்காவது. 80 சதவீதம் என்றால் எட்டாவது எண், 260. 29 சதவீதம் என்றால் மூன்றாவது, 150. உங்கள் நண்பர் சொன்ன சராசரி 216. மூன்றில் எதற்கும் அது பொருந்தவில்லை பாருங்கள்.

கேட்டு வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறேன், வாங்கிப் போனவர்கள் என்று எழுதவில்லை. மூன்றாவது வாரமே சரக்கு தீர்ந்த மாடலுக்கு உங்கள் பில் புத்தகம் 90 என்று காட்டும். கேட்டு வந்தவர்கள் 200 பேராக இருந்திருக்கலாம். அந்த 90-ஐ நம்பி அடுத்த முறை 90 வாங்கினால் மறுபடியும் 90-தான் விற்கும். அப்புறம், கேட்டது இல்லையென்று திரும்பிப் போனவர் இனி உங்களிடம் வரவே மாட்டார் என்று தோன்றினால், அந்த நஷ்டத்தையும் 40-உடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கே இல்லாத புத்தம்புதுப் பொருள் என்றால்? ஓபர்மேயர் என்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு உடை நிறுவனத்தில் கையாண்ட ஒரு வழி எனக்குப் பிடிக்கும். கொள்முதல் குழுவில் இருப்பவர்கள் கூடிப் பேசி ஒரே எண்ணுக்கு வராமல், ஆளுக்கொரு மதிப்பீட்டைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். எல்லோருடைய எண்ணும் ஒட்டி இருந்த உடைகளை முன்கூட்டியே தைத்தார்கள். எண்கள் எட்ட எட்ட நின்ற உடைகளை, முதல் ஆர்டர்கள் வந்து நிலவரம் தெரியும்வரை தள்ளிவைத்தார்கள். உங்களிடம் இரண்டு ஊழியர்கள் இருந்தால்கூட இதைச் செய்யலாம். சீட்டில் எழுதி வாங்குங்கள். முதலாளி முதலில் வாயைத் திறந்துவிட்டால் எல்லார் எண்ணும் அவர் எண்ணாகிவிடும்.

கேள்வி: 500 எடுப்பதற்குப் பதில் 1,000 எடுத்தால் 12 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்கிறார் சப்ளையர். எடுக்கலாமா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. காரணம் பிறகு.

மேலே சொன்ன அதே விலைகளை எடுத்துக்கொள்வோம். 60 என்பது 52.80 ஆகிறது. எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய 500-இல் உங்களுக்கு மிச்சம் 3,600. கூடுதலாக வரும் 500-இல் ஒவ்வொன்றும் முழு விலைக்குப் போனால் 47.20 லாபம், தேங்கி 20-க்குப் போனால் 32.80 நஷ்டம். போட்டுப் பார்த்தால், கூடுதல் 500-இல் குறைந்தது 160 முழு விலைக்கு விற்றால்தான், வெறும் 500 எடுத்து எல்லாவற்றையும் விற்றிருந்தால் கிடைத்த லாபத்துக்கே வந்து சேர்வீர்கள். முடங்கும் பணமும் இடமும் தனி. ஆக, அவரிடம் தள்ளுபடியைப் பற்றிப் பேசாதீர்கள். உங்களையே கேளுங்கள்: 500-க்கு மேல் 160 பேர் வருவார்களா?

மாடலின் ஆரம்பத்தில் என்றால் ஒருவேளை வருவார்கள். ஆயுளின் பின்பாதியில் என்றால் வேண்டவே வேண்டாம். என் கதை அதுதான். ஒரு மாடலின் கவர் ஆறு மாதம் சக்கைப்போடு போட்டது. ஏழாவது மாதம் சப்ளையர் இதே மாதிரி ஒரு தள்ளுபடியோடு வந்தார். நானும் 1,100 ஆர்டர் போட்டேன். சரக்கு வந்து சேர மூன்று வாரம். இரண்டாவது வாரம் புது மாடல் வந்துவிட்டது. பார்த்தால் அதே நீளம், அதே அகலம். பழைய கவர் பொருந்தும் என்று நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பையன் புதுப் போனைக் கொண்டுவந்து கவரை மாட்டிப் பார்த்தான். நான்கு ஓரமும் கச்சிதமாக உட்கார்ந்தது. கேமரா ஓட்டை மட்டும் அரை விரல் தள்ளி இருந்தது; பாதிக் கண்ணை மூடினாற்போல் லென்ஸில் பாதி மறைந்திருந்தது. அந்த லாட் பிரிக்காமலே மூலைக்குப் போனது. பெட்டி பழசாவது மேலே தெரியக்கூடாது என்று பழைய தேதியின் மேல் புதுத் தேதியை மார்க்கரில் எழுதி வைத்தார் ஸ்டோர் கீப்பர். என்மேல் உள்ள பாசத்தில்தான் செய்தார். ஸ்டாக் எடுக்கும்போது அது புதுச் சரக்கு போலத் தெரிந்ததில் இன்னும் நான்கு மாதம் வீணாகப் போனது.

முதல் ஆர்டர் அதிகமாகிப்போனால் விற்றுத் தீர்க்க முழு ஆயுளும் பாக்கி இருக்கும். கடைசி ஆர்டருக்கு அது கிடையாது. ஆகவே 'இந்தத் தேதிக்குப் பிறகு இந்த மாடலுக்கு மறு ஆர்டர் இல்லை' என்று முதல் ஆர்டர் போடும்போதே எழுதி வையுங்கள். விற்பனை சூடாக இருக்கும்போது அந்தத் தேதியை முடிவு செய்ய முடியாது.

கேள்வி: ஆயத்த ஆடை விற்கிறேன். போன சீசன் சரக்கை அடக்க விலைக்குக் கீழே கொடுக்க மனசு வரவில்லை. அசலாவது வரட்டும் என்று வைத்திருக்கிறேன். தவறா?

ஆமாம்.

அடக்க விலை என்பது நீங்கள் எப்போதோ கொடுத்த பணம். வாங்க வருகிறவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. இன்று அந்தச் சட்டைக்கு என்ன கிடைக்கும், அடுத்த மாதம் என்ன கிடைக்கும், இவ்வளவுதான் கேள்வி. அடுத்த மாதம் குறையும் என்றால் இன்றே கொடுங்கள்.

இதில் பலர் சறுக்கும் ஒரு கணக்கு உண்டு. அடக்கம் 60, விலை 100. 20 சதவீதம் குறைத்தால் லாபம் 40-லிருந்து 20 ஆகிறது. ஆகவே இரண்டு மடங்கு விற்றால்தான் கட்டும் என்பார்கள். மறுபடி வாங்கி வைக்கக்கூடிய சரக்குக்கு அது உண்மை. மறு ஆர்டரே இல்லாத சரக்குக்கு அப்படியில்லை. அந்த 60 ஏற்கெனவே போய்விட்டது. வரும் பணத்தை மட்டும் பார்த்தால், நான்கு விற்ற இடத்தில் ஐந்து விற்றாலே போதும். சீசன் நடுவில் விலை குறைக்கத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் கணக்கை இரண்டாவது இடத்தில் போட்டுப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

எப்போது குறைப்பது? கையிருப்பை வார விற்பனையால் வகுத்துப் பாருங்கள். 240 உருப்படி இருக்கிறது, வாரம் 20 போகிறது என்றால் தீர 12 வாரம் வேண்டும். சீசனில் பாக்கி ஏழு வாரம்தான் என்றால் இந்த வாரமே குறையுங்கள். அப்போது 15, 20 சதவீதத்தில் காரியம் முடியலாம். ஐந்து வாரம் பொறுத்தால் பாதி விலைக்கும் போகாது. திங்கட்கிழமை காலை பத்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லா டிசைனுக்கும் இதைப் பார்த்துவிடலாம்.

ஆனால் குறைக்கும் முன் அலமாரியைப் போய்ப் பாருங்கள். நடுத்தர சைஸ் எல்லாம் தீர்ந்து, மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் தள்ளுபடி போர்டு எதையும் சாதிக்காது. விலை குறைந்ததற்காக யாரும் இளைக்க மாட்டார்கள். அந்தத் தவறு விலையில் இல்லை, ஆர்டரில் சைஸ் பிரித்த விதத்தில் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இந்த மனக்கசப்பைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஹெச்.பி. 2011 ஜூலையில் டச்பேட் என்ற டேப்லெட்டை 499 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. ஆகஸ்டிலேயே கைவிடுவதாக அறிவித்து 99 டாலருக்கு இறக்கியது. அதுவரை சீண்டுவாரில்லாமல் கிடந்தது சில நாளில் பல இடங்களில் தீர்ந்தது. நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் கிடங்கு காலியானது.

கேள்வி: தள்ளுபடி கொடுக்க ஆரம்பித்தால் வாடிக்கையாளர்கள் அதற்காகவே காத்திருந்து பழகிவிடுகிறார்களே?

காத்திருந்தால் கிடைக்கும் என்ற நிச்சயம் இருந்தால் காத்திருப்பார்கள். அந்த நிச்சயத்தைக் கெடுப்பதுதான் வழி.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1909-இல் எட்வர்ட் ஃபைலீன் தொடங்கிய அடித்தள விற்பனைக்கூடத்தில் விலைக்குறைப்பு அட்டவணை அன்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 12 விற்பனை நாள் தாண்டினால் 25 சதவீதம் குறையும், 18 தாண்டினால் 50, 24 தாண்டினால் 75, 30 நாள் ஆனால் தர்மத்துக்கு. ஒளிவுமறைவே இல்லை. ஆனாலும் ஜனங்கள் முதல் வாரத்திலேயே வாங்கினார்கள். ஏனென்றால் பிடித்த உருப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கும், பக்கத்தில் நிற்பவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே டிசைனில் 200 அடுக்கி வைத்துவிட்டு 'சீக்கிரம் தீர்ந்துவிடும்' என்று எழுதினால் யார் நம்புவார்கள்? வகையை அதிகமாக்குங்கள், ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையைக் குறையுங்கள். கண்ணுக்கெதிரே நாலு டிசைன் முழு விலையில் தீர்ந்துபோவதைப் பார்த்தவர் அடுத்த முறை காத்திருக்க யோசிப்பார்.

கேள்வி: தட்டுப்பாடு வந்தால் மூன்று சப்ளையரிடம் ஆர்டர் போட்டு, யார் முதலில் தருகிறாரோ அவரிடம் எடுக்கிறேன். புத்திசாலித்தனம்தானே?

எல்லோரும் அதையே செய்கிறார்கள், சிக்கலே அங்கேதான். மூன்று ஆர்டரையும் உண்மையான தேவை என்று நம்பி மேலே இருப்பவர் மூன்று பங்கு தயாரிப்பார். தட்டுப்பாடு தீர்ந்த மறுநாள் ஆர்டர்கள் ரத்தாகும், சரக்கு கொட்டிக் கிடக்கும், விலை சரியும். நீங்கள் சரியான விலைக்கு வாங்கி வைத்த அந்த ஒரு பங்கும் சேர்ந்தே சரியும். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ 2001-இல் சரக்கு வகையில் மட்டும் 225 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. அந்தச் சரிவில் இப்படி ஊதிப்போன ஆர்டர்களுக்கும் பங்கு உண்டு. சந்தை முழுக்க வெறிபிடித்தாற்போல் கேட்கும்போது கொஞ்சம் குறைத்தே வாங்குங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

200 வகைக்குக் கீழே என்றால் வேண்டாம். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். பொருள், வந்த தேதி, மறு ஆர்டரின் கடைசித் தேதி, திங்கட்கிழமைக் கையிருப்பு. ஐந்தாவது கட்டத்தைக் கல்லாவில் இருப்பவர் நிரப்ப வேண்டும்: இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பியது எத்தனை பேரை. பென்சிலை நூலில் கட்டி நோட்டோடு தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே பென்சில் காணாமல் போகும், அந்தக் கட்டமும் காலியாகவே கிடக்கும்.