குளத்து டைல்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள்

கேள்வி: பாளையங்கோட்டைக்கு வெளியே, ஆற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்பக்கம் 24-க்கு 12 அடியில் சின்னதாக ஒரு நீச்சல் குளம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சகதி ஏறி வீணாய்ப் போனதை, ரிட்டயர்மென்ட் பணத்தில் புதுப்பித்தேன். சம்பந்தி வழியில் வந்த கான்ட்ராக்டர். டைல்ஸ் நான் வாங்கிக் கொடுத்தேன். வாட்டர்ஃப்ரூபிங், ஒட்டும் பசை, கிரவுட், கூலி எல்லாம் அவர் பொறுப்பு. பேசியது 3,80,000 ரூபாய், கொடுத்தது 2,90,000. வேலை முடிந்த அன்று அவர் அனுப்பிய படத்துக்கு வாட்ஸ்அப்பில் 'சூப்பர் தம்பி' என்று பதில் போட்டேன். தண்ணீர் நிரப்பி 14 மாதம் ஆகிறது. மூன்றாம் மாதமே படியில் டைல்ஸ் கழன்றது. சுவரில் வரிசை கோணல். பேரன் காலைக் கிழித்துக்கொண்டான். 'நாளைக்கு ஆள் அனுப்புறேன்' என்று இழுத்தடித்தவர் இப்போது போனையே எடுப்பதில்லை. ஊரில் என்னைக் கஞ்சன் என்று சொல்லித் திரிகிறாராம். கொடுத்த பணம் முழுவதும் திரும்ப வேண்டும், மன உளைச்சலுக்கு 10 லட்சம் வேண்டும். மோசடிப் புகாரும் கொடுக்கலாமா? வேறு கொத்தனார் 1,60,000 கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் படியையும் சுவரையும் உடைத்தெடுக்கப் போகிறோம்.

பதில்: அண்ணாச்சி, எனக்கு வேண்டிய வரி உங்கள் கடிதத்தின் கடைசியில்தான் இருக்கிறது. அந்தக் கொத்தனாருக்கு முதலில் போன் போட்டு, அடுத்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

கஞ்சன் என்று சொன்னது, போனை எடுக்காதது, சம்பந்தி வீட்டில் உங்கள் தலை குனிந்தது எதுவும் வழக்கில் நிற்காது. காவல் நிலையத்துக்கும் அலைய வேண்டாம். பழைய 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. வேலை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உங்கள் ஆள் மோட்டார் வைத்துச் சகதி இறைத்து, பழைய டைல்ஸைப் பெயர்த்து, புதிதாய் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். வேலை மோசம் என்பது சிவில் விவகாரம்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான்: டைல்ஸ் கழன்றது அவர் ஒட்டிய விதத்தாலா, வேறு காரணத்தாலா? நீங்கள் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம்; அங்கே சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கான்ட்ராக்டர் தன் பதிலில் என்ன எழுதுவார் என்று இப்போதே சொல்கிறேன். நீங்கள் வாங்கிய டைல்ஸ் நீச்சல் குளத்துக்கு ஆனதல்ல. உங்கள் போர் தண்ணீர் உப்பு. அடிக் காங்கிரீட் வெள்ளத்திலேயே ஆடிப்போனது. மூன்றுக்கும் மறுப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது: டைல்ஸின் முதுகில்.

தானாகக் கழன்று விழுந்த டைல்ஸை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் பசையை உருண்டையாக வைத்து அமுக்கியிருந்தால் அஞ்சு திட்டு தெரியும், இடையெல்லாம் வெறுமை. அந்த வெறுமையில்தான் தண்ணீர் போய் நிற்கும். குளத்துக்குள் முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். இந்த ஒரு சாட்சி அவருடைய மூன்று கதைக்கும் பதில். அதைத்தான் நீங்கள் அடுத்த வாரம் சுத்தியலால் அடித்து மூட்டையில் கட்டப் பார்க்கிறீர்கள்.

இதில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் வழக்கு நடத்திய வண்ணார்பேட்டைக்காரர் ஒருவர், மகள் கல்யாணம் வருகிறது என்று மொட்டைமாடித் தளம் முழுவதையும் பத்தே நாளில் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். கையில் நாற்பது போட்டோ, ஒரு சாக்கு நிறைய ஓட்டுச் சில்லு. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "இது எந்த வீட்டுச் சில்லு?" எங்களிடம் பதில் இல்லை. புதிதாகப் போட்ட கொத்தனார், பழைய வேலை மோசம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் எடுபடவில்லை. மறுவேலைக்குக் கூலி வாங்கியவர் பழைய வேலையை நல்லது என்றா எழுதுவார்? உங்களுக்கு 1,60,000 சொன்னவரின் சீட்டுக்கும் அதே கதிதான்; செலவுக் கணக்குக்கு உதவும், காரணத்துக்கு உதவாது.

ஆகவே, வரிசையாகச் செய்ய வேண்டியது. தண்ணீரை இறைக்கும் முன் ஒரு படம். தண்ணீர் ஓரத்து டைல்ஸ் வரிசை வரை குளத்தை நிரப்பி, அசையாமல் நிற்கட்டும். நின்ற தண்ணீரை விட நல்ல ரசமட்டம் கிடையாது. நாலு மூலையிலும் தண்ணீருக்கும் டைல்ஸ் விளிம்புக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். கோணல் கேள்வி அதோடு தீர்ந்தது. அப்புறம் நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடும்போதே, வக்கீல் கமிஷனரையும் (நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் நியமிக்கும் வக்கீல்) பொறியாளரையும் அனுப்பக் கேட்டு மனு. அவர்கள் படியைத் தட்டி, டொக்கு டொக்கென்று கேட்கும் டைல்ஸில் எல்லாம் சாக்பீஸில் குறி போட்டு, இரண்டைப் பெயர்த்துப் பார்த்து எழுதும் அறிக்கைதான் உங்கள் வழக்கு. கமிஷனர் கட்டணம் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றோரத்துக் குளத்தை நாள் கணக்கில் வெறுமையாக விடாதீர்கள். நிலத்தடி நீர் அடியிலிருந்து தூக்கி விரிசல் விழுந்தால், அந்தப் பழியையும் கான்ட்ராக்டர் உங்கள் தலையில்தான் கட்டுவார்.

பேரன் காலை நினைத்துக் காத்திருக்க முடியாது என்றால், நாளும் நேரமும் குறித்து, இன்ன தேதியில் பெயர்க்கிறேன், வந்து பார்த்துக்கொள் என்று அவருக்குத் தபாலில் நோட்டீஸ் கொடுங்கள். வேலையில் பங்கில்லாத பொறியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அப்போதும் ஒரு படியை மட்டும் கைவைக்காமல் விட்டுவையுங்கள். விழுந்த டைல்ஸைக் கழுவிவிடாதீர்கள். வீட்டம்மா சுத்தமானவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. வேலை முடிந்த அன்று அவர் அனுப்பிய படத்துக்கு வாட்ஸ்அப்பில் 'சூப்பர் தம்பி' என்று பதில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் தரப்பின் முதல் ஆவணம் அதுதான். கண்ணுக்குத் தெரிந்த கோணலைப் பார்த்துவிட்டுத்தானே பாராட்டினார் என்பார்கள். அந்தப் பாதி பலவீனம். உள்ளே பசை இல்லாதது அன்றைக்கு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஆகவே கோணலைத் தூக்கிப் பிடிக்காமல், கழன்றதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய 'நாளைக்கு ஆள் அனுப்புறேன்' செய்திகளையும் அழிக்காதீர்கள். தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவுகளுக்கான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், போனையும் மாற்றாதீர்கள்.

ஆணையத்தில் புகார் போடக் கெடு இரண்டு வருடம். அவர் சொன்ன 'நாளைக்கு'களால் அது நீளாது, வக்கீல் நோட்டீஸாலும் நீளாது. தண்ணீர் நிரப்பிய நாளிலிருந்தே எண்ணுங்கள். பத்து மாதம்தான் மிச்சம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, என் யோசனை வேறு. கணக்கைப் பாருங்கள். சரிசெய்ய 1,60,000. அவருக்குத் தர வேண்டிய பாக்கி 90,000 உங்கள் கையில் இருக்கிறது. சண்டை மொத்தம் 70,000 ரூபாய்க்குத்தான். ஆணையம் பெரும்பாலும் தருவது சரிசெய்யும் செலவு. மீதிக் குளம் உருப்படியாக நிற்கும்போது கொடுத்த பணம் முழுவதும் திரும்பாது. மன உளைச்சலுக்கு நீங்கள் 10 லட்சம் எழுதலாம், கிடைப்பது ஆயிரக்கணக்கில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா நீங்கள் வர வேண்டும், ஜெயித்தாலும் அவர் மேல்முறையீடு போகலாம். நடுவில் அவர் பாக்கிக்காக முன்சீப் கோர்ட்டில் உங்கள் மேல் வழக்குப் போட்டால், இரண்டு கோர்ட்டுக்கு நடப்பீர்கள்.

முதலில் படமும் பொறியாளர் அறிக்கையும் தயாராகட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டீஸ் விட்டால் பேச வருவார். பாக்கியை விட்டுக்கொடுத்து மேற்கொண்டு ஒரு முப்பது, நாற்பதாயிரம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். நானே திரும்ப ஒட்டித் தருகிறேன் என்றால், எந்தப் படி, எந்தச் சுவர், எந்தப் பசை, எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்குங்கள். பேச்சில் சம்பந்தியை நடுவில் உட்கார வைக்காதீர்கள். அவர் முகத்துக்காகப் பத்தாயிரம் இறங்குவீர்கள். தண்ணீர் நிரப்பி ஒரு மாதம் பார்க்கும் வரை பாக்கி உங்களிடமே இருக்கட்டும். அதற்கு முன் 'கணக்குத் தீர்ந்தது' என்று எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.